புளூஸ் இசையும் பக்கவாத்தியக்காரரும்

பழைய இசைத்தட்டு ஒன்றின் நடுவிலே ஒட்டப்பட்டிருக்கும் வட்டத்தாளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலமே உள்ள அத்தாளில் நிறுவனத்தின் பெயர், பாட்டின் பெயர், இயற்றியவர் பெயர், பாடியவர் பெயர் ஆகியவை அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1950ஆம் ஆண்டு முதற்கொண்டு செஸ் என்னும் நிறுவனத்தார் வெளியிட்ட தட்டுகள் பலவற்றில், பாடியவர் பெயருக்குரிய இடத்தில், 'மடி வாட்டர்சும் அவருடைய கிட்டாரும்' என்னும் பொருள்பட ஒரு வரி காணப்படும். பாடகருக்குப் பெயர் இருந்தது. அவர் தோளில் தொங்கிய மரத்துக்கும் கம்பிக்கும்கூடத் தாளிலே இடம் கிடைத்தது. அதே அறையில் அமர்ந்து அதே பாட்டுக்குப் பியானோ வாசித்த மனிதருக்கு இடம் கிடைக்கவில்லை. முரசு கொட்டியவருக்கும் இல்லை. மவுத்தார்கன் ஊதியவருக்கும் இல்லை.

அந்த வட்டத்தாளைப் பார்த்தே பிற்காலத்தார் இசை வரலாறும் எழுதினர் என்பதுதான் வேடிக்கை. புளூஸ் என்றவுடன் மடி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப், பெஸ்ஸி ஸ்மித் எனப் பாடகர் பெயர்களை அடுக்குவது வழக்கம். பாடகர் ஒருவர் தம் துயரத்தை நெஞ்சு வெடிக்கப் பாடினார், மற்றையோர் பின்னால் நின்று ஒத்து ஊதினர் என்பது போன்ற ஒரு சித்திரம் நம் மனத்தில் படிந்துபோயிற்று. அது பிழையான சித்திரம் என்பது என் துணிபு. புளூஸ் பாட்டின் கட்டுமானத்திலேயே பாதி, பக்கவாத்தியக்காரருக்கு உரியது. அந்தப் பாதியைக் கேளாமல் எழுதிய மதிப்புரை அரைப் பாட்டின் மதிப்புரையே ஆகும்.

பாதி என்பதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். புளூஸ் பாட்டின் பெருவழக்கான அமைப்பு இது. நான்கு தட்டுக் கொண்ட ஆவர்த்தம் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றில் பாடகர் பாடுவது மூன்றடி. முதலடியைப் பாடி, அதனையே இரண்டாம் அடியாகத் திருப்பிப் பாடி, மூன்றாம் அடியில் கருத்தை முடிப்பார். ஆக, அடி ஒன்றுக்கு நான்கு ஆவர்த்தம் வருகிறது. ஆனால் அடியைப் பாடி முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆவர்த்தமே பிடிக்கும். எஞ்சிய இரண்டு ஆவர்த்தத்தில் பாடகர் வாய் மூடி நிற்கிறார். அந்த இடத்தில் பேசுவது கருவி. பாடகர் ஒன்று சொல்ல, கருவி அதற்கு மறுமொழி கூறுகிறது. ஆமென்று ஆமோதிக்கிறது, அல்லது எள்ளி நகைக்கிறது, அல்லது ஆறுதல் சொல்கிறது. இந்த மறுமொழியை எடுத்துவிட்டால் பாட்டில் பாதிக்குப் பாதி வெற்றிடம். கூற்றும் எதிர்கூற்றுமாக நடக்கும் ஓர் உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் எழுதிவைத்து, இதுவே உரையாடல் என்று சொல்வார் உண்டோ?

எடுத்துக்காட்டாக 1925ஆம் ஆண்டு சனவரியில் பெஸ்ஸி ஸ்மித் அம்மையார் பாடிப் பதிவு செய்த 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்னும் தட்டைக் கேளுங்கள். அம்மையாருடைய குரல் தேர் நகர்வதுபோல் நிதானமாக நகரும். ஒவ்வோர் அடி முடிந்ததும் கார்னெட் என்னும் ஊதுகுழல் ஒன்று புறப்பட்டு வந்து, அவர் விட்ட இடத்தைப் பிடித்து, சொல்லை நீட்டி, அடுத்த அடியின் வாசலில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அப்பொழுது அவருக்கு வயது 23. உலகம் அறிந்த இசைஞராக அவர் பின்னாளில் விளங்கியதால் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பதிவில் மூன்றாம் ஒருவரும் இருக்கிறார். குரலுக்கும் குழலுக்கும் அடியில், மூச்சுவிட்டு மூச்சு வாங்குவதுபோல் ஒரு நாதம் விடாமல் ஒலிக்கும். அது நமக்கெல்லாம் பழக்கமான ஆர்மோனியந்தான். வாசித்தவர் பெயர் பிரெட் லாங்ஷா. பியானோவில் தட்டினால் ஒலி எழுந்து உடனே தேய்ந்துவிடும். ஆர்மோனியத்தின் ஒலியோ கை எடுக்கும்வரை நிற்கும். அந்த நிற்றலே இந்தப் பதிவுக்கு ஒரு தேவாலயச் சாயலைத் தந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பெஸ்ஸி ஸ்மித் அவ்வளவு நிதானமாகப் பாட முடிந்தது என்று நான் கருதுகிறேன். பலமுறை கேட்ட பின்பே லாங்ஷாவின் கையை என் காது கண்டுகொண்டது. வெட்கத்தோடு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டப் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் பாடிய பிள்ளைகள் பெயர் அத்தனையும் போட்டுவிட்டு, அவர்களுக்கு ஆர்மோனியம் வாசித்த பெரியவரின் பெயரை விட்டவனும் இந்தத் தலைமையாசிரியனே.

பெண்களிலும் இவ்வாறு மறைந்தவர் உண்டு. 1920களில் சிக்காகோவில் பாராமவுண்ட் நிறுவனத்தின் பதிவுகளுக்குப் பியானோ வாசித்தும் குழு நடத்தியும் வந்தவர் லவ்வி ஆஸ்டின் அம்மையார். மா ரெய்னி, ஐடா காக்ஸ், ஆல்பர்ட்டா ஹன்டர் ஆகிய பெரும் பாடகியர் இவருடைய வாசிப்பின் துணையோடு பாடியவர்களே. 1923இல் பெஸ்ஸி ஸ்மித்துக்குப் புகழ் தேடித்தந்த முதல் தட்டான 'டவுன் ஹார்ட்டட் புளூஸ்' பாட்டும் ஆஸ்டினும் ஆல்பர்ட்டா ஹன்டரும் சேர்ந்து இயற்றியதுதான். பின்னாளில் பெரும் ஜாஸ் இசைஞராக விளங்கிய மேரி லூ வில்லியம்ஸ், சிறுமியாக இருந்தபொழுது அரங்கு ஒன்றில் இவரைக் கண்டதை நினைவுகூர்ந்துள்ளார். கால்மேல் கால் போட்டு, உதட்டில் சிகரெட்டை வைத்துக்கொண்டு, இடக்கையால் பியானோ வாசித்தபடியே, வலக்கையால் அடுத்த நிகழ்ச்சிக்குரிய இசையை ஆஸ்டின் எழுதிக்கொண்டிருந்தாராம். அத்தகையவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர்த்தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு நாட்டியப் பள்ளி ஒன்றில் பியானோ வாசித்து வாழ்ந்தார். 1972இல் மறைந்தார்.

நிற்க. என் வழக்குக்கு வலுவான சான்று சிக்காகோவில், 1950களில் கிடைக்கிறது. அங்கே போவதற்குமுன் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றை எட்டிப் பார்க்க வேண்டும். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது நிமிரும். தோட்டப் பள்ளியிலேயே காலம் கழித்தவன் அல்லவா? ஸ்டோவல் என்னும் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்டு என்னும் இளைஞரை 1941இல் ஆலன் லோமாக்ஸ் முதலிய நாட்டுப்பாடல் ஆய்வாளர்கள் தேடிச்சென்று, அவர் பாட்டைப் பதிவு செய்தனர். அவரே மடி வாட்டர்ஸ். 1943இல் அவர் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வட நகரங்களுக்குப் பெயர்ந்த காலம் அது. ஆலை வேலை முடிந்து இரவில் மதுக்கூடங்களில் கூடிய அம்மக்களின் இரைச்சலுக்கு நடுவே மரக்கிட்டாரின் ஓசை எடுபடவில்லை. ஆகவே மின்சாரக் கிட்டார் வந்தது. கூடவே ஆட்களும் வந்தனர்.

1948இல் வெளிவந்து விரைவில் விற்றுத் தீர்ந்த 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' என்னும் தட்டில் மடி வாட்டர்சுடன் இருப்பவர் ஒருவரே. 'பிக்' கிராஃபோர்டு என்னும் அவர் வாசித்தது ஆளுயர நிற்கும் பெருவயலினாகிய பேஸ். கிட்டாரின் கம்பி வழுக்கி வழுக்கி ஓட, அதன் அடியில் கிராஃபோர்டு கம்பியை இழுத்துவிட்டு அறையும் ஓசை, மரப்பலகையில் நடப்பது போல் கேட்கும். தாளம் அவர்தான், வேறு முரசில்லை. அத்தட்டு விற்ற காரணத்தால் நிறுவனத்தை நடத்திய லெனார்டு செஸ் அந்தச் சூத்திரத்தையே பற்றிக்கொண்டார். மதுக்கூடத்தில் முழுக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தவரைப் பதிவறைக்கு மட்டும் பேஸ் ஒன்றோடு அழைத்துவந்தார். குழு பதிவறைக்குள் ஒவ்வொருவராகவே நுழைய நேர்ந்தது.

அவ்வாறு நுழைந்தவருள் தலையாயவர் லிட்டில் வால்ட்டர். லூயிசியானாவில் 1930இல் பிறந்தவர். அவர் கருவி மவுத்தார்கன். நம் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊதித் திரியும் அதே சிறு பொருள்தான். அவர் அந்தச் சிறு கருவியையும், வானொலி அறிவிப்பாளர் கையில் பிடிப்பது போன்ற மலிவான ஒலிவாங்கி ஒன்றையும் இரு கைக்குள்ளும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, ஒலிபெருக்கி வழியே ஊதினார். பொத்திய கைக்குள் காற்று அடைபட்டு, ஒலி கனத்து, சற்றே உடைந்து வெளிவரும்பொழுது அது மவுத்தார்கனாகவே தோன்றவில்லை. ஒரு சாக்சபோன் அணியே நிற்பதுபோல் இருந்தது. லூயி ஜோர்டன் என்பாரின் சாக்சபோன் வாசிப்பை அவர் விரும்பிக் கேட்டுப் பயின்றவர் என்பதையும் இங்கே நினைக்கலாம். கருவி மலிவு, செய்த புதுமை மலிவன்று. உலகில் இன்று எந்தப் புளூஸ் குழுவில் எவர் மவுத்தார்கன் ஊதினாலும் வால்ட்டரின் நிழலிலேயே நின்று ஊதுகிறார் எனலாம்.

1952 மே 12ஆம் நாள் மடி வாட்டர்ஸ் குழு பதிவுக்கு வந்தது. வழக்கமாக மேடையில் வாசிக்கும் பாட்டில்லாத மெட்டு ஒன்றை வால்ட்டர் முன்னின்று ஊத, மற்றவர்கள் பின்னால் வாசித்தனர். அதுவே 'ஜூக்'. லிட்டில் வால்ட்டர் பெயரில் வெளிவந்த அத்தட்டு, கறுப்பின மக்களிடையே விற்பனையாகும் தட்டுகளுக்குரிய பில்போர்டு இதழின் வரிசையில் 8 வாரம் முதலிடத்தில் நின்றது. மடி வாட்டர்சின் தட்டு எதுவும் தம் வாழ்நாளில் அந்த முதலிடத்தை எட்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஜூக்' தட்டில் பின்னால் நின்று கிட்டார் வாசித்தவர்களுள் மடி வாட்டர்சும் ஒருவர். அன்று ஒரு நாள் தலைவரே பக்கவாத்தியக்காரர் ஆனார். அவர் பெயர் தட்டில் இல்லை!

புகழ் வந்ததும் வால்ட்டர் குழுவை விட்டு நீங்கித் தமக்கென ஒரு குழு அமைத்துக்கொண்டார். மேடையில் அவர் இடத்துக்கு ஜூனியர் வெல்ஸ் வந்தார். ஆனால் பதிவு என்றால், செஸ் நிறுவனத்தார் மீண்டும் மீண்டும் லிட்டில் வால்ட்டரையே கூப்பிட்டு மடி வாட்டர்ஸ் பாட்டுக்கு ஊத வைத்தனர். இது சின்னச் செய்தி அன்று. தட்டின் தாளில் பக்கவாத்தியத்தார் பெயரைப் போடாத அதே நிறுவனம், விற்பனை என்று வரும்பொழுது, இன்னார் ஊதினால்தான் அது மடி வாட்டர்ஸ் தட்டாக இருக்கும் என்று நன்றாகவே அறிந்திருந்தது. காசு போடுபவன் காதுக்குத் தெரிந்தது, பின்னால் வந்த கலை விமரிசகரின் காதுக்குத் தெரியாமற் போயிற்று.

வால்ட்டர் அமைத்துக்கொண்ட குழுவில் இருந்த மூவரும் தனியே எழுதத் தக்கவர்கள். லூயிஸ் மயர்ஸ், டேவ் மயர்ஸ் என்னும் கிட்டார் சகோதரர் இருவர். முரசறைந்த பிரெட் பிலோ ஒருவர். பிலோவைப் பற்றியே சற்று நின்று பேச விரும்புகிறேன். பயிற்றுவித்தல் என் தொழில் ஆதலால் பயின்றுவந்த கலைஞர் மீது எனக்கு ஒரு தனிப் பரிவு உண்டு. பிலோ சிக்காகோவிலே பிறந்து, முரசு வாசிப்பை முறையாகக் கற்பிக்கும் பள்ளியொன்றில் படித்து, ஜாஸ் இசையில் தேர்ந்தவர். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க அறிந்தவர். அவர் புளூஸ் குழுவிலே வந்து உட்கார்ந்தபொழுது தொடக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. விட்டுவிட்டுப் போகவே எண்ணினார். பள்ளியில் படித்த தாளம் வேறு, மிசிசிப்பிக்காரர் காலால் தட்டிய தாளம் வேறு. ஆனால் அவர் தம் படிப்பை இவர்கள்மேல் திணிக்கவில்லை. இவர்கள் வழியைக் கற்றுக்கொண்டு, அதற்குள் தம் படிப்பைக் கரைத்தார். இரண்டாம் தட்டையும் நான்காம் தட்டையும் ஓங்கி அடிக்கும் முறையை அவர் குழுவிலே நிலைநிறுத்தினார். மேலே தகட்டுத்தாளத்தில் ஜாஸ் இசையின் துள்ளலைத் தூவினார். சுற்று முடிந்து அடுத்த சுற்றுத் தொடங்கும் திருப்பத்தில் ஒரு சிறு உருட்டு உருட்டிக் கதவைத் திறந்துவிட்டார். 1953இல் வெளிவந்த 'ஆஃப் தி வால்' என்னும் தட்டைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். வால்ட்டர் எவ்வளவு வளைந்து நெளிந்து ஓடினாலும் அடியில் விரித்த பாய் கலையவில்லை. அந்தத் தாளம் புளூஸ் வட்டத்தோடு நிற்கவில்லை. 1958இல் சக் பெர்ரி பாடிய 'ஜானி பி. கூட்' பாட்டுக்கு முரசறைந்தவரும் பிலோவே. ராக் இசை கேட்டு ஆடிய ஒரு தலைமுறை முழுவதும், பெயர் அறியாமலே, பிலோவின் கைக்கு ஆடியிருக்கிறது.

இரண்டாம் கிட்டார் வாசித்த ஜிம்மி ராஜர்ஸ் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. அவர் சிறப்பே குறைவாக வாசித்ததில் இருக்கிறது. மடி வாட்டர்சின் கிட்டார் மேலே கூவும்பொழுது அவர் கீழே நின்று நிரப்புவார். அது கீழே இறங்கினால் இவர் வேறிடம் பார்த்துக்கொள்வார். பிற்காலத்தில் இசையை விட்டுத் துணிக்கடை வைத்தார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த கலவரத்தில் அந்தக் கடை எரிந்து போனதால், மீண்டும் கிட்டாரைக் கையில் எடுத்தார்.

இனி ஓட்டிஸ் ஸ்பான். என் காதுக்கு இவரே இந்தக் குழுவின் உயிர்நாடி. 1953 முதல் மடி வாட்டர்ஸ் பதிவுகளில் இவருடைய பியானோ ஒலிக்கிறது. மடி வாட்டர்ஸ் வீட்டிலேயே, கீழ்த்தளத்தில், குடியிருந்தார். இருவரும் உடன்பிறப்புகள் என்றே பலர் நம்பினர். உண்மையில் இரத்த உறவில்லை. அந்த வாசிப்பை எவ்வாறு விளக்குவது? இடக்கை கனமாக, உருண்டு உருண்டு, ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும். வலக்கை பாடகர் பாடும்பொழுது அடங்கி இருக்கும். அடி முடியும் தறுவாயில் உச்ச சுரத்தில் ஒரு நடுக்கத்தை எழுப்பும். மவுத்தார்கன் மறுமொழி சொல்ல வந்துவிட்டால் உடனே வழிவிட்டு விலகும். ஒரே இடைவெளிக்கு மூன்று கருவிகள் காத்திருக்கையில் எது பேசுவது, எது பொறுப்பது என்பதை யார் தீர்மானித்தார்? எழுதிய குறிப்பு ஏதும் இல்லை. ஸ்பானின் காதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது. வாசிக்கத் தெரிந்தவர் பலர். வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவர் சிலர். 1958இல் மடி வாட்டர்ஸ் முதன்முறை இங்கிலாந்து சென்றபொழுது குழுவை அழைத்துச் செல்ல வசதியில்லை. உடன் கூட்டிச்சென்றது ஸ்பான் ஒருவரை மட்டுமே. ஒருவர்தான் வரலாம் என்றபொழுது தலைவர் யாரைத் தேர்ந்தார் என்பதிலேயே ஒரு மதிப்புரை அடங்கியிருக்கிறது.

வில்லி டிக்சன் கதை சற்று வேறுபட்டது. மிசிசிப்பியில் 1915இல் பிறந்த இவர் பேருருவினர். 1937இல் இல்லினாய் மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் வென்றவர். செஸ் பதிவறையில் பேஸ் வாசித்தார், பாட்டு எழுதினார், யார் எங்கே நுழைவது என்று குழுவுக்கு வழிகாட்டினார். 1954 சனவரியில் பதிவான 'ஹூச்சி கூச்சி மேன்' இவர் இயற்றியது. மதுக்கூடத்தின் கழிப்பறையில், இடைவேளையின்பொழுது, மடி வாட்டர்சுக்கு அவர் இதனைக் கற்பித்தார் என்பது அவரே சொன்ன செய்தி. இப்பாட்டின் தொடக்கப் பகுதியில் குழு முழுவதும் சேர்ந்து ஒரு சிறு சொற்கட்டை அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த அமைதியில் பாடகர் ஒரு வரி சொல்வார். மீண்டும் அடி, மீண்டும் நிறுத்தம். இவ்வாறு 8 ஆவர்த்தம் சென்றபின் அணை உடைந்ததுபோல் எல்லாக் கருவிகளும் பாய்ந்து வரும். மடி வாட்டர்ஸ் குரலின் வீறு என்று நாம் வியப்பதில் எத்துணைப் பங்கு அந்த நிறுத்தத்தின் வேலை! ஐந்து பேர் ஒரே கணத்தில் கை நிறுத்தியதால் உண்டான அமைதிதான் அந்தக் குரலை மலைமேல் ஏற்றிவைத்தது.

இங்கே எனக்கு எதிராக ஒரு வாதம் எழும். 1950இல் மடி வாட்டர்ஸ் பாடிய 'ரோலிங் ஸ்டோன்' தட்டில் பக்கவாத்தியமே இல்லையே. ஒரு குரல், ஒரு மின்சாரக் கிட்டார் அவ்வளவுதானே. அதுவன்றோ உச்சம் என்பர். நான் மறுக்கவில்லை. அது பெரிய பாட்டுத்தான். இங்கிலாந்து இளைஞர் குழுவொன்று அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டதும் உண்மை. ஆனால் அத்தட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பாடகர் ஓர் அடி பாடி நிறுத்துகிறார். கிட்டார் மறுமொழி சொல்கிறது. பக்கவாத்தியக்காரர் இல்லாதபொழுது பாடகரே தமக்குப் பக்கவாத்தியம் ஆகிறார். மறுமொழி இன்றிப் பாட்டு நடவாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. அன்றியும், தனியாகப் பாடிய நாட்டுப்புறப் பாடகரே உண்மையான புளூஸ் பாடகர், குழுவோடு மின்கருவி சேர்ந்தது கலப்படம் என்னும் எண்ணம், வெளியிலிருந்து வந்த இரசிகர் சிலர் உண்டாக்கியது. 1958இல் இங்கிலாந்தில் மடி வாட்டர்சின் மின்சாரக் கிட்டாரைக் கேட்டு முகம் சுளித்த பத்திரிகையாளர்கள் அந்த வகையினர். சிக்காகோவில் காசு கொடுத்துக் கேட்ட தொழிலாளிகள் அவ்வாறு சுளிக்கவில்லை.

ஹவ்லின் உல்ஃப் குழுவில் கிட்டார் வாசித்த ஹியூபர்ட் சம்லினை விட்டுவிட்டால் இக்கட்டுரை நொண்டும். 1954 முதல் அந்தக் குழுவில் இருந்தவர். உல்ஃப் ஆறடிக்கு மேல் உயரமும் இடிக்குரலும் உடையவர். சம்லின் தொடக்கத்தில் கம்பியை மீட்டும் சில்லைக் கொண்டு வேகவேகமாக வாசித்தார். அதை வீட்டிலே வைத்துவிட்டு விரலால் வாசித்துப் பார் என்று உல்ஃப் கண்டித்தார். அன்று முதல் சம்லினின் கை மாறிற்று. இடிக்கு எதிராக இடி முழக்காமல், மின்னல்போல் எங்கோ ஒரு மூலையில் சுருக்கென்று வெட்டிவிட்டு மறைவார். அடுத்து எங்கே வெட்டுவார் என்று சொல்ல முடியாது. 1964இல் பதிவான 'கில்லிங் ஃபுளோர்' பாட்டின் கிட்டார்ச் சுற்றைக் கேட்டால், பாட்டு அந்தச் சுற்றின்மேல் கட்டப்பட்டது என்பது தெளிவாகும். 1956 வாக்கில் மடி வாட்டர்ஸ் கூடுதல் சம்பளம் காட்டிச் சம்லினைத் தம் குழுவுக்கு இழுத்தார். சம்லின் போனார், நெடுநாள் நிற்கவில்லை, உல்ஃபிடமே திரும்பினார். தலைவர்கள் எதற்காகப் போட்டியிட்டார்களோ அதன் மதிப்பை நாம் ஐயுறுவானேன்?

சம்பளப் பேச்சு வந்தது நல்லதே. பதிவுக்கு வந்த பக்கவாத்தியக்காரருக்குக் கிடைத்தது அன்றைய அமர்வுக்குரிய கூலி. தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் அவருக்கு மேற்கொண்டு வருவதில்லை. பாட்டை இயற்றியவருக்கு உரிமைப்பங்கு உண்டு. ஆனால் அந்தப் பாட்டை நினைவில் நிறுத்தும் கிட்டார்ச் சுற்றையோ மவுத்தார்கன் மறுமொழியையோ கண்டவர், சட்டத்தின் கண்ணுக்கு இயற்றியவர் ஆகார். ஹவ்லின் உல்ஃப் ஒருவர் இவ்வகையில் பாராட்டத் தக்கவர். தம் குழுவினருக்குத் தவறாமல் ஊதியம் கொடுத்ததோடு, வேலையின்மைக் காப்புக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் உரிய பிடித்தங்களையும் முறையாகச் செலுத்தினார். டிக்சன் பாட்டியற்றியவர் ஆதலால் அவருக்குப் போராட வழியிருந்தது. மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய தம் பாட்டை ஒட்டியது என்று இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழு மீது 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது உடன்பாட்டில் முடிந்தது. அவர் தோற்றுவித்த அறநிறுவனம் இன்று பழைய செஸ் பதிவறை இருந்த கட்டடத்திலேயே இயங்குகிறது. வெறும் பக்கவாத்தியக்காரருக்கு அத்தகைய வழியும் இல்லை. சக் பெர்ரியோடு பல ஆண்டுகள் பியானோ வாசித்த ஜானி ஜான்சன், அந்தப் பாட்டுகளை இருவரும் சேர்ந்தே ஆக்கினோம் என்று 2000ஆம் ஆண்டில் வழக்கிட்டார். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் 2002இல் அதனைத் தள்ளிற்று. ஆக்கியது யார் என்ற கேள்விக்கு அங்கே விடை கூறப்படவே இல்லை. 1952ஆம் ஆண்டு கடைசி நாளில் சக் பெர்ரி வந்து சேர்ந்தது ஜான்சனுடைய குழுவில் என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் நலம்.

லிட்டில் வால்ட்டர் 1968இல், 37ஆம் வயதில், மாண்டார். ஸ்பான் 1970 ஏப்ரலில் ஈரல் புற்றுநோயால் இறந்தார். சிக்காகோவுக்கு அருகே ஒரு மயானத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லை. 1999இல் புளூஸ் இதழொன்றின் வாசகர்கள் பணம் அனுப்பிக் கல் நாட்டினர்.

கேட்க விரும்புவோர்க்கு ஒரு தட்டைக் காட்டி விடைபெறுகிறேன். 1960 சூலை 3ஆம் நாள், நியூபோர்ட் இசை விழாவில் மடி வாட்டர்ஸ் குழு வாசித்ததன் பதிவு அது. முந்திய இரவு ஊரில் கலகம் மூண்டதால் விழாவை நிறுத்த நகரமன்றம் முடிவு செய்துவிட்டது; அன்று பகல் நடந்த புளூஸ் நிகழ்ச்சியே கடைசி. ஜேம்ஸ் காட்டன் மவுத்தார்கன், பேட் ஹேர் கிட்டார், ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸ் பேஸ், பிரான்சிஸ் கிளே முரசு, ஓட்டிஸ் ஸ்பான் பியானோ. விழாவுக்கு விடைகொடுக்கும் பாட்டொன்றைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே உட்கார்ந்து தந்தித் தாளில் எழுதிக் கொடுத்தார். மடி வாட்டர்ஸ் களைத்துப் போயிருந்தார். தட்டின் அட்டையில் கிட்டாரோடு நிற்பவர் மடி வாட்டர்ஸ். அந்தக் கிட்டார்கூட அவருடையது அன்று, இரவல் என்பர். உள்ளே, கடைசிப் பாட்டில், மெதுவாக எழும் பியானோவைத் தொடர்ந்து வருகின்ற குரல் ஓட்டிஸ் ஸ்பானுடையது.